சபை சிரிக்காத இரவு

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் செல்லும் தமிழர் ஒருவர், சென்ற முதல் வாரத்தில் ஊமை நடிகராகவே வாழ வேண்டியிருக்கிறது. கடையில் பருப்பு வேண்டுமானால் விரலால் சுட்டிக் காட்டுகிறார். விலை மிகுதி என்று தோன்றினால் புருவத்தை உயர்த்துகிறார். வண்டி எங்கே செல்லும் என்பதைக் கைகளை ஆட்டிக் கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். வேறு வழியின்றி அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் சிறிது நாணமும், சிறிது அச்சமும், சிறிது பிடிவாதமும் கலந்திருக்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் இன்று நன்கு வேரூன்றி வாழும் நம்மவருள், இத்தகைய முதல் வாரத்தைக் கடவாதவர் சிலரே.

நாணம், அச்சம், பிடிவாதம் என்ற இந்த மூன்றையும் கலந்து, ஒரு சொல்லும் பேசாமல் உலகையே சிரிக்க வைத்த கலைஞர் ஒருவர் இருந்தார். அவரே சார்லி சாப்ளின். அவருடைய வெற்றியை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் எத்தனை முறை தோற்றார், தோல்வியைப் பற்றி என்ன எண்ணினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று அதனைச் சற்று ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலில் வைத்தார். அதற்கு அடுத்த இடத்திலேயே அழுகையை வைத்தார். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் எடுத்துரைத்தார். சாப்ளின் புனைந்த நாடோடி வேடத்தில் இந்த நான்கையும் காணலாம். பெரிய மனிதர்களின் பகட்டை எள்ளும் குறும்பு அவனிடம் உண்டு. குழந்தையின் துள்ளல் உண்டு. உலக நடை அறியாத பேதைமை உண்டு. நம்பியதை எளிதில் விட்டுவிடாத வெள்ளை மனமும் உண்டு. நகையும் அழுகையும் அடுத்தடுத்த வீடுகள் என்பதைச் சாப்ளின் நூல் கற்று அறியவில்லை, வாழ்ந்தே அறிந்தார்.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவர் பிறந்தார். தந்தை, தாய் இருவரும் இசையரங்குகளில் பாடிப் பிழைத்தவர்கள். தந்தை குடிப்பழக்கத்துக்கு ஆளாகிக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். 1901இல், நாற்பது வயதையும் எட்டாமல் இறந்தார். தாய் ஹன்னா தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைக் காத்தார். அதுவும் இயலாமற் போகவே, 1896இல் தாயும் பிள்ளைகளும் இலண்டனில் ஏழைகளுக்கென இருந்த இல்லத்தில் புகலடைந்தனர். அங்கிருந்து பிள்ளைகள் ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் தாயின் மனநிலை பிறழ்ந்து, அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அவர் இளமையில் கண்ட காட்சி ஒன்று. அவர்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஆடு வெட்டும் கூடம் இருந்தது. ஒரு நாள் அங்கே கொண்டு செல்லப்பட்ட ஆடு ஒன்று தப்பி ஓடியது. பிடிக்க ஓடியவர்கள் இடறி விழுந்தனர்; ஒருவர் மேல் ஒருவர் மோதினர். தெருவே சிரித்தது, சிறுவன் சார்லியும் விழுந்து விழுந்து சிரித்தான். முடிவில் ஆடு பிடிபட்டது. கூடத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. அப்பொழுதுதான் அதற்கு நேரப்போவது என்ன என்பது அவனுக்கு விளங்கிற்று. அழுதுகொண்டே தாயிடம் ஓடினான். துன்பத்தையும் நகைப்பையும் ஒன்றாகக் கலந்த தம் பிற்காலப் படங்களுக்கு இந்த நிகழ்ச்சியே வித்தாக இருந்திருக்குமோ என்று 1964இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வியக்கிறார்.

அவர் முதன்முதலாக மேடையேறிய கதையையும் அந்நூலிலேயே சொல்கிறார். அப்போது அவனுக்கு ஐந்து வயது. ஆல்டர்ஷாட் என்ற படைவீரர் ஊரில் தாய் பாடிக்கொண்டிருந்தார். நெடுநாளாக நலிந்திருந்த அவருடைய குரல் நடுப்பாட்டில் உடைந்தது. சபையோர் கூச்சலிட்டனர்; கேலி செய்தனர். தாய் மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. திகைத்துப் போன மேலாளர், பக்கத்தில் நின்ற சிறுவனைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துச் சென்று பாடச் சொன்னார். பையன் பாடினான். காசுகள் வந்து விழுந்தன. உடனே அவன் பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக் கொண்டு பிறகு பாடுவதாக அறிவித்தான். சபை சிரித்தது. உதவிக்கு வந்த மேலாளர் காசுகளைத் திரட்டியபோது, அவரே எடுத்துக்கொள்வாரோ என்று ஐயுற்றுப் பின்னாலேயே சென்றான். சிரிப்பு மேலும் வலுத்தது. பிறகு தாயின் பாட்டைப் பாடும்போது, அவர் குரல் உடைந்த விதத்தையும் கள்ளமின்றி அப்படியே பாடிக் காட்டினான். கொட்டகை அதிர்ந்தது. அது அவனுக்கு முதல் மேடை. தாய்க்கு அதுவே கடைசி மேடை.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரே குரல், ஒரே பாட்டு, ஒரே உடைவு; தாய்க்கு அது தோல்வி, மகனுக்கு வெற்றி. தாயிடம் திறமை குறைவாக இருந்ததா? இல்லை. சன்னலருகே அமர்ந்து தெருவில் செல்வோரைப் போல் நடித்துக் காட்டி, மனிதரை உற்று நோக்கும் கலையைத் தமக்குக் கற்பித்தவர் தாயே என்று சாப்ளின் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். முயற்சி குறைவாக இருந்ததா? அதுவும் இல்லை. உடல் கைவிட்டது, உதவ ஆளில்லை. ஆகவே தோற்றவர் எல்லாரும் சோம்பர் என்றும், வென்றவர் எல்லாரும் உழைப்பாளர் என்றும் தீர்ப்புக் கூறுவது பிழை. இந்த உண்மையை அறிந்திருந்தமையால்தான், தோற்றுப்போன மனிதனை நோக்கிச் சாப்ளினின் படங்கள் ஒருபோதும் ஏளனமாகச் சிரிப்பதில்லை.

இனி அவருடைய சொந்தத் தோல்விக்கு வருவோம். பதினாறு, பதினேழு வயதில், தனி நகைச்சுவையாளராகப் பெயர் எடுக்க விரும்பி, இலண்டனில் ஓர் அரங்கில் வாய்ப்புப் பெற்றார். அப்பகுதியில் யூதர்கள் மிகுதியாக வாழ்ந்தனர். யூதர் வேடத்தில் நகைச்சுவை பேசினால் எடுபடும் என்று எண்ணி, ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து சில துணுக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறினார். அந்தத் துணுக்குகள் பழையவை; அவருடைய உச்சரிப்போ போலி; போதாததற்கு, கேட்டுக்கொண்டிருந்த யூத மக்களையே அவை இழிவு செய்தன. இதை அவர் உணரவில்லை. ஆனால் சபையோர் உணர்ந்தனர். காசும் ஆரஞ்சுத் தோலும் மேடையை நோக்கிப் பறந்து வந்தன. எப்படியோ ஓடித் தப்பினார். அரங்குக்கு மறுபடி திரும்பவேயில்லை.

ஓவியர் தவறினால் அதனைக் கண்டறியச் சில நாள் ஆகும். எழுத்தாளர் தவறினால் அவர் எதிரில் இல்லாத வேளையில் வாசகர் புத்தகத்தை மூடி வைப்பார். நகைச்சுவையாளர் தவறினால் அந்த நொடியிலேயே, நூற்றுக்கணக்கானோர் எதிரில், அது அவருக்கே தெரிந்துவிடும். சிரிப்பு என்பது மரியாதைக்காகத் தரக்கூடிய பொருள் அன்று. கைதட்டலைக் கடனாகப் பெறலாம். சிரிப்பைப் பெற இயலாது. ஆகையால் தோல்வியை மறைத்துக்கொள்ளும் வசதி அக்கலைஞருக்கு இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றே: ஏன் சிரிக்கவில்லை என்று ஆராய்வது.

இளைஞர் சாப்ளின் அவ்வாறே ஆராய்ந்தார். தம்மால் வாயால் வித்தை காட்டும் நகைச்சுவையாளராக இயலாது என்று தெளிந்தார். தமக்குரியது உடலின் மொழி. 1908இல் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தார். ஓர் அசைவை நூறு முறை பழகி, நூற்றோராம் முறை அது தற்செயலாக நேர்வதுபோல் காட்டும் பயிற்சியை அங்கே பெற்றார். அக்குழுவுடன் 1910இல் முதன்முறையாகவும், 1912இல் மறுமுறையும் அமெரிக்கா சென்றார். 1913ஆம் ஆண்டின் இறுதியில் வாரம் 150 டாலர் ஊதியத்தில் ஒரு படக் கம்பெனியில் அமர்ந்தார்.

அங்கும் முதல் அனுபவம் கசப்பானதே. 1914 பிப்ரவரியில் வெளிவந்த முதற்படத்தில், தாம் நன்கு செய்ததாகக் கருதிய பகுதிகள் வெட்டுண்டு கிடந்ததைக் கண்டு அவர் மனம் நொந்தார். ஆனால் அதே மாதத்தில் வெளிவந்த மற்றொரு படத்தில், தொளதொளத்த கால்சட்டை, இறுகிய மேற்சட்டை, பெரிய காலணி, சிறிய தொப்பி, கைத்தடி, வயது கூட்டிக் காட்டுவதற்கான சிறு மீசை ஆகியவற்றோடு அந்த நாடோடி தோன்றினான். அதன் பின் நிகழ்ந்தது நாடறிந்த வரலாறு. முதல் ஆண்டிலேயே முப்பதுக்கு மேற்பட்ட படங்கள். 1915இல் வாரம் 1,250 டாலர். 1916இல் வாரம் 10,000 டாலர். ஆரஞ்சுத் தோல் பட்ட அதே உடல், பத்தாண்டு கழிவதற்குள் உலகிலேயே மிகுந்த ஊதியம் பெறுவோர் வரிசையில் நின்றது.

கதையை இங்கே முடித்தால் அது சிறுவர்க்குரிய நீதிக்கதை ஆகிவிடும். உண்மை அவ்வாறு முடியவில்லை. வெற்றி பெற்ற பிறகும் தோல்வி அவரை விடவில்லை. வேறு வேறு உருவில் வந்தது.

1923இல் ‘பாரிஸ் நகரத்துப் பெண்’ என்ற படத்தை அவர் இயக்கினார். அதில் நாடோடி இல்லை; நகைச்சுவையாளர் சாப்ளினும் இல்லை. திறனாய்வாளர் போற்றினர், மக்கள் வரவில்லை. தாம் விரும்புகிற சாப்ளினைக் காணாத கொட்டகையில் அவர்களுக்கு வேலை இல்லை. அந்தப் படம் பல்லாண்டுகள் பெட்டியில் கிடந்தது. 1976இல், எண்பத்தேழு வயதில், அதற்குப் புதிய இசையமைத்து மீண்டும் வெளியிட்டார் அவர். அதுவே அவருடைய கடைசிப் பணி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தோல்வியை மறவாமல் வைத்திருந்து, இறுதியில் அதற்கு மெருகேற்றிக் கொடுத்தார் என்றால், அவருடைய பிடிவாதத்தை என்னென்பது!

1927இல் பேசும் படம் பிறந்தது. ஊமைப்பட உலகம் இரண்டு மூன்று ஆண்டுகளில் சரிந்தது. சாப்ளினுக்கு இது பெரிய சோதனை. நாடோடி பேசாதவரை அவன் எல்லா நாட்டுக்கும் உரியவன். ஆங்கிலத்தில் வாய் திறந்தால், அந்த நொடியே அவன் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவனாகிவிடுவான். மொழி தெரியாத ஊரில் வாழ்ந்த நமக்கு இந்த இடர்ப்பாடு நன்கு விளங்கும். எல்லாரும் பேச்சுக்கு மாறியபோது அவர் ஒருவர் மட்டும் மறுத்து, 1928இன் இறுதியில் ‘நகரத்து விளக்குகள்’ என்ற பேசாப் படத்தை எடுக்கத் தொடங்கினார்.

அந்தப் படத்தின் ஒரு காட்சி, விடாமுயற்சி என்பது என்ன என்பதை நன்கு விளக்கும். கண் தெரியாத பூக்காரப் பெண் ஒருத்தி நாடோடியைச் செல்வர் என்று எண்ண வேண்டும். பார்வையற்றவள் அவ்வாறு எண்ணுவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் மாதக்கணக்கில் அவர் தவித்தார். காட்சியை மீண்டும் மீண்டும் எடுத்தார். 342 முறை எடுக்கப்பட்டதாகக் கூறுவர். கதாநாயகியை இடையில் விலக்கி, மீண்டும் அழைத்துக்கொண்டார். கடைசியில் விடை கிடைத்தது. போக்குவரத்து நெரிசலில் போலீஸ்காரரைத் தவிர்க்க, நாடோடி நின்றுகொண்டிருந்த மோட்டார் ஒன்றின் ஒரு கதவால் ஏறி, மறு கதவால் நடைபாதையில் இறங்குகிறான். கதவு சாத்தும் ஓசையைக் கேட்ட பெண், மோட்டாரில் வந்த செல்வர் என்று அவனை எண்ணிக்கொள்கிறாள். பேசாப் படத்தின் மிகச் சிறந்த காட்சி ஒன்று, நாம் கேட்க இயலாத ஓர் ஓசையின்மேல் நிற்கிறது!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறிய ஒன்றையே கண்ணை மூடிக்கொண்டு 342 முறை செய்வது விடாமுயற்சி ஆகாது. அது செக்கு மாட்டின் சுற்று. ஒவ்வொரு முறையும், எது சரியாக இல்லை என்று கேட்டுக்கொண்டு செய்வதே விடாமுயற்சி. யூதர் வேடத்தை இரண்டாம் முறை அவர் முயலாததும், பூக்காரியின் காட்சியை விடாது முயன்றதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள். விட வேண்டியதை விட்டதனால்தான், விடக் கூடாததைப் பற்றிக்கொள்ள அவரிடம் ஆற்றல் எஞ்சியிருந்தது.

1931 ஜனவரியில் அப்படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளைச் சாப்ளின் சந்தித்தார். ஏழைத் தொழிலாளர் வாழும் கிழக்கு இலண்டனில், ஓர் இந்திய மருத்துவரின் வீட்டில் அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. இயந்திரங்களை அடிகள் ஏன் எதிர்க்கிறார் என்று சாப்ளின் வினவினார். 1936இல் வெளிவந்த ‘நவீன காலம்’ என்ற படத்தில், தொழிற்சாலை இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே நாடோடி சிக்கிச் சுழலும்போது, அந்த உரையாடல் இந்தியராகிய நமக்கு நினைவுக்கு வராமல் இராது.

தோல்வியைப் பற்றிச் சாப்ளின் முழுமையாகச் சிந்தித்துக் கூறியது, 1952இல் வெளிவந்த ‘லைம்லைட்’ படத்திலேயே ஆகும். திரைக்கதையாக எழுதுவதற்கு முன் அதனை ஒரு நாவலாகவே அவர் எழுதி வைத்திருந்தார். அந்நாவல் 2014இல்தான் நூலாக வெளிவந்தது. கதைத் தலைவர் கால்வெரோ, ஒரு காலத்தில் புகழ் பெற்று, இப்பொழுது யாரும் அழைக்காத மேடை விதூஷகர். உறக்கத்தில் தாம் மேடையில் பாடிக் கூத்தாடி முடித்து நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே ஆசனங்கள் எல்லாம் காலி. தாய்க்கு நேர்ந்ததையும் தந்தைக்கு நேர்ந்ததையும் கண்ட மகனன்றி, வேறு எவர் அந்தக் கனவை எழுதியிருக்க முடியும்?

கால்வெரோ, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஓர் இளம் நாட்டியப் பெண்ணைக் காப்பாற்றுகிறார். அவளுடைய கால்கள் மனச்சோர்வால் செயலற்றுக் கிடக்கின்றன. வாழ்வு பெரிது, அச்சம் சிறிது என்று நாள்தோறும் அவளுக்கு எடுத்துரைக்கிறார். பிறகு அவருக்கே ஒரு மேடை வாய்ப்பு வருகிறது. நடிக்கிறார், சபை சிரிக்கவில்லை, எழுந்து வெளியேறுகிறது. வீடு திரும்பிய அவர் உடைந்து அழுகிறார். அதுவரை ஆறுதல் பெற்றுவந்த அந்தப் பெண், இப்பொழுது அவருக்கு ஆறுதல் கூறத் தொடங்குகிறாள். அவர் சொன்ன சொற்களையே அவருக்குத் திருப்பிச் சொல்லும் வேகத்தில், தான் எழுந்து நடப்பதை அவளே திடீரென்று உணர்கிறாள்!

கால்வெரோவின் அறிவுரைகள் அவருடைய தோல்வியைத் தடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊக்க மொழி பேசுகிறவர் வென்றே தீர்வார் என்று படம் சொல்லவில்லை. ஆனால் அவர் விதைத்தது வேறொரு நிலத்தில் முளைத்தது. படத்தின் முடிவில், அவருக்காக நடத்தப்படும் நிகழ்ச்சியில் சபை மீண்டும் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. அன்றிரவே மாரடைப்பால் மேடையோரத்தில் அவர் உயிர் நீங்குகிறது. அரங்கில் அந்தப் பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். வெற்றி ஒருவரிடம் தங்குவதில்லை, கைமாறிச் செல்கிறது என்பதே அந்த முடிவின் பொருள்.

அப்படத்தின் வெளியீட்டுக்காக 1952 செப்டம்பரில் சாப்ளின் குடும்பத்துடன் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் செல்லும்போது, அமெரிக்க அரசு அவருடைய மறுநுழைவு அனுமதியை இரத்துச் செய்தது. அவருடைய அரசியல் கருத்துகள் மீது ஐயம் நிலவிய காலம் அது. நாற்பது ஆண்டு உழைத்த நாட்டின் கதவு அடைபட்டது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1967இல் வெளிவந்த கடைசிப் படமும் வெற்றி பெறவில்லை. 1972இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சிறப்பு விருது அளிக்க அழைத்தபோது, முதியவராகத் திரும்பிச் சென்றார். அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். இருபது ஆண்டுக்கு முன் பல ஊர்களில் புறக்கணிக்கப்பட்ட ‘லைம்லைட்’ படத்தின் இசைக்கு 1973இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. 1977 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

நேயர்களே, துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லும் அறிவுரை நமக்குப் புதியதன்று. திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, அவ்வறிவுரையை முதற்குறளிலேயே வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு துன்பத்தை அறியாதவனின் சிரிப்பு அன்று. அதனை நேருக்கு நேர் நோக்கி, அளந்து, இதனோடு என்ன செய்யலாம் என்று எண்ணத் தொடங்கியவனின் சிரிப்பு. சாப்ளினின் வாழ்வு இதற்கு நல்லதோர் உரை.

வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவர்களுக்குத் தோல்வி இரட்டைச் சுமை. வேலை போனது ஒரு சுமை. அதனை ஊருக்குத் தெரியாமல் மறைப்பது மற்றொரு சுமை. இங்கு யாவரும் நலம் என்று தாய்க்குச் செய்தி அனுப்பிவிட்டு, இரவு உணவுக்கு வழி தேடும் இளைஞர் எல்லா நகரங்களிலும் உண்டு. அவர்களுள் சிலர் ஊர் திரும்பவும் நாணி, உறவையே துண்டித்துக்கொள்கிறார்கள். அத்தகையோரைக் காணும்போது, முயற்சி போதவில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஹன்னாவின் குரல் உடைந்தபோது சபையும் அதைத்தான் செய்தது.

அந்த ஹன்னாவின் கதை அங்கே முடியவில்லை. 1921இல் பிள்ளைகள் தாயைக் கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்தனர். கடலுக்கு அருகில் ஒரு வீட்டில், கவனித்துக்கொள்ள ஆள் வைத்து, 1928இல் அவர் மறையும் வரை பாதுகாத்தனர். மனம் முழுதும் தெளியவில்லை. ஆயினும் ஆல்டர்ஷாட்டில் மேடையை விட்டு இறங்கிய தாய்க்கு, மகனுடைய மேடை நிழல் தந்தது.

உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் தமிழ்ச் சங்கத்தில், குரல் உடைந்து நிற்பவர் ஒருவர் இன்றும் இருக்கக்கூடும். அவர் உங்களிடம் ஏதும் கேட்கமாட்டார். அவரை ஒரு வேளை உணவுக்கு வீட்டுக்கு அழையுங்கள். தமிழில் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள். உங்கள் முதல் வாரத்தில் கடைக்காரரிடம் நீங்கள் பட்ட பாட்டை நடித்துக் காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டால், எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ளலாம்.